ஆள் இல்லை

பழங்காநத்தம் பைபாஸ் ரோட்டில் இருக்கிற அந்த கார் ஷோரூமில் காலையில் முதல் ஆளாக வந்து வருகைப் பதிவு மெஷினில் விரல் வைப்பவள் கனகா. சாயங்காலம் டெமோ வண்டிகளின் சாவிகளை ஆணியில் மாட்டிவிட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவளும் அவள்தான். அப்படிப்பட்டவளைப் பற்றி, ‘பணி நேரத்தில் இடத்தில் இருப்பதில்லை’ என்று சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வந்தால் எப்படி இருக்கும்? வயிறு எரியுமா, எரியாதா?

எரிந்தது. அதுவும் சாதாரண எரிச்சலா? மெயிலின் கடைசி வரியில், அவளுக்கு வர இருந்த டீம் லீடர் பதவி ‘விளக்கம் கிடைக்கும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது’ என்று இருந்தது. அந்தப் பதவி வரப்போகிறது என்று மகள் பவதாரிணி வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கணவன் பீமாராவ், மாநகராட்சிப் பள்ளி வாத்தியார், வழக்கமாக எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர், அவரே ஸ்டாஃப் ரூமில் சொல்லிவிட்டார். கனகா மெயிலை மறுபடியும் படித்தாள். விரலை வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறாரா என்று வேறு கேட்டிருந்தார்கள்.

“ஆத்தாடி! நானா வெளிய போறேன்?” என்றாள், பக்கத்து நாற்காலி பால்பாண்டியிடம். “ஒரு டீ குடிக்கக்கூட ரோட்டைத் தாண்ட மாட்டேனே அண்ணே!”

பால்பாண்டி தலையைக் குனிந்து தன் டேப்லெட்டைத் துடைத்தார். ஏன் துடைத்தார் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இந்த வினை எங்கே தொடங்கியது என்று பார்த்தால், புது சாஃப்ட்வேருக்கு வெகு காலம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

ஷோரூமில் வாடிக்கையாளரைப் ‘பார்ட்டி’ என்பார்கள். பார்ட்டி உள்ளே நுழைந்ததும் ரிசப்ஷனில் இருக்கும் தாமரைச்செல்வி ஒரு டம்ளர் மோர் கொடுத்து, வாய் நிறையச் சிரித்து, “எந்த ஊர்லருந்து வாரீங்க சார்?” என்பாள். மோர் தீருவதற்குள் ஊர், தெரு, தொழில் எல்லாம் வந்துவிடும். அவள் அதை இன்டர்காமில் மாடிக்குச் சொல்வாள். மாடியில் கண்ணாடி அறைக்குள் சேல்ஸ் மேனேஜர் ஸ்ரீகுமார் கொஞ்சம் யோசித்து, இந்தப் பார்ட்டி இன்னாருக்கு என்று பிரித்துவிடுவார். தோட்டம் துரவு உள்ளவர் என்றால் பால்பாண்டி. மாசி வீதிக் கடைக்காரர் என்றால் வேறொருவர். கோரிப்பாளையம் தர்கா பக்கத்துக் குடும்பம் என்றால் இன்னொருவர். தாட்கோ கடனில் டாக்ஸி எடுக்க வரும் பையன்கள், மகளிர் குழுத் தலைவிகள், ஸ்கூட்டியை விட்டுவிட்டு ஸ்டியரிங் பிடிக்க ஆசைப்படும் டீச்சரம்மாக்கள் என்றால் கனகா. பெரிய வண்டிக்கு வரும் பெரிய வீட்டுப் பார்ட்டி ஒன்றுகூட அவள் மேஜைக்கு வந்ததில்லை. அது ஏன் என்று யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஸ்ரீகுமாரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் இதில் பெரிய சங்கடமே. கனகா வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய மனிதர் வந்தார். வண்டியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தவளிடம் ஊரைக் கேட்டார். “கீழக்குயில்குடி சார்” என்றாள். “கீழக்குயில்குடில எந்தப் பக்கம்?” என்றார். அந்த இரண்டாவது கேள்வி இருக்கிறதே, அது வழி கேட்கிற கேள்வி இல்லை. அவள் சொன்னாள். மனிதர் கையிலிருந்த கேட்டலாக்கை பானட்டின் மேல் வைத்துவிட்டு, “வேற யாராச்சும் இருந்தா வரச்சொல்லும்மா” என்றார். மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்த ஸ்ரீகுமாருக்கு முகம் வெளிறிப் போயிருந்தது. அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, “இனிமே உனக்கு இப்படி ஒண்ணு நடக்க விடமாட்டேன்மா” என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. நிஜமாகவே உடைந்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எப்படி? அந்த மாதிரிப் பார்ட்டிகளை அவள் பக்கமே விடாமல். ஒருத்தியைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அவளை எம்புட்டு ஓரத்தில் உட்கார வைக்கலாம் என்பது அவருக்கு அப்போது தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை, நன்றியாகக்கூட இருந்தது. ஏழெட்டு வருஷம் அந்த ஓரத்திலேயே உட்கார்ந்து, சின்ன வண்டிகளாகவே விற்று, ஷோரூமில் முதல் இடத்துக்கு வந்தாள். அவளுடைய டாக்ஸிப் பையன்கள் இரண்டாவது வண்டிக்கும் அவளைத்தான் தேடி வந்தார்கள். டீம் லீடர் பதவிக்கு அவள் பெயரை எழுதி அனுப்பியதும் இதே ஸ்ரீகுமார்தான்.

இந்த லட்சணத்தில்தான் புது சாஃப்ட்வேர் வந்தது.

அதற்கு ஊரும் தெரியாது, தெருவும் தெரியாது. தாமரைச்செல்வி பார்ட்டியின் செல் நம்பரைத் தட்டினால் போதும், வரிசைப்படி அடுத்து யார் முறையோ அவர் கையிலிருக்கும் டேப்பில் மணி அடிக்கும். மேனேஜர் அதை மாற்றலாம். ஆனால் மாற்றினால் காரணம் சொல்ல வேண்டும். இப்படி எதற்கெடுத்தாலும் காரணம் கேட்டதால் பால்பாண்டி அதற்கு ‘வாத்தியார்’ என்று பெயர் வைத்தார். “வாத்தியார் இன்னைக்கு யாரை எழுப்பி விடுறாருன்னு பாப்போம்” என்பார். பெயர் ஷோரூம் முழுக்க ஒட்டிக்கொண்டது.

வாத்தியார் வந்த முதல் வாரத்திலேயே பெரிய வண்டிக்கு வந்த ஒரு பார்ட்டி கனகாவின் டேப்பில் விழுந்தது. அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். மேஜையைத் தாண்டுவதற்குள் டேப் மறுபடி ஒலித்தது. பார்ட்டி பால்பாண்டிக்கு மாறிவிட்டது. மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் ஸ்ரீகுமார் அவளைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

காரணம் என்று எதைப் போட்டிருப்பார்? பட்டியலில் இருந்தவை கொஞ்சம்தான். ‘வாடிக்கையாளர் வேறு ஆள் கேட்டார்’ என்று போட்டால், என்ன குறை என்று விசாரித்து வாத்தியார் அந்த வாடிக்கையாளருக்கே செய்தி அனுப்பிவிடுவார், வம்பு. ‘இன்னொரு வாடிக்கையாளருடன் இருக்கிறார்’ என்று போட்டால், அப்படி யாரும் இல்லையே என்று வாத்தியாரே மறுத்துவிடுவார். உண்மையான காரணமோ பட்டியலில் கிடையாது. எந்தச் சாஃப்ட்வேர்காரன் அதை எழுதி வைப்பான்? கடைசியில் மிஞ்சியது, யாருக்கும் வலிக்காதது, ஒன்றே ஒன்று: ‘ஆள் இல்லை’. ஸ்ரீகுமார் அதை அமுக்கினார். அடுத்த தடவையும் அதையே அமுக்கினார். பிறகு விரல் தானாகவே அங்கே போய்ப் பழகிவிட்டது. கண்ணெதிரே கனகா உட்கார்ந்திருப்பாள். மாடியில் ‘ஆள் இல்லை’ விழும்.

மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் மரியாதைப் பொய் மனிதர்களுக்குப் புரியும். வாத்தியாருக்கு என்ன தெரியும்? எழுதியதை அப்படியே நம்பினார். மாதக் கடைசியில் கூட்டிக் கழித்துப் பார்த்து, இந்தப் பெண் பாதி நேரம் இடத்திலேயே இருப்பதில்லை என்று சென்னைக்குக் கோள் சொல்லிவிட்டார். அதுதான் அந்த மெயில்.

மெயிலைப் பார்த்ததும் ஸ்ரீகுமார் அவளை மேலே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

“இது இப்படிப் போய் முடியும்னு நான் நெனைக்கவே இல்ல கனகா. சத்தியமா.”

“தெரியும் சார்.”

“நான் ஒரு விளக்கம் எழுதிடறேன். புது சாஃப்ட்வேர், பழக்கமில்ல, தவறுதலா அமுக்கிட்டேன்னு. அதோட முடிஞ்சுடும். உனக்கு டீம் லீடர் லெட்டர் வந்துடும். நீயும் இதைப் பெருசாக்க வேண்டாம். என்ன சொல்றே?”

கனகா யோசித்தாள். தவறுதலாக ஒரு தடவை அமுக்கலாம். வாரா வாரம் பெரிய வண்டிப் பார்ட்டி வரும்போது மட்டும் தவறுதலாக அமுக்குவார்களா? ஆனாலும் கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டாள். பதவி வேண்டும். ஆமாம், அவளுக்கு வேண்டும். உழைத்துச் சம்பாதித்தது, விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. “சரி சார்” என்றாள். கீழே இறங்கி பீமாராவுக்குப் போன் செய்து சொன்னாள். அவர், “மொதல்ல லெட்டர் கைக்கு வரட்டும். பொறவு பேசிக்குவோம்” என்றார். அவள் மனதிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதை அவர் வாயால் கேட்டபோது எதனாலோ அழுகை வந்தது.

மறுநாள் காலையில் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து பிரியம்வதா என்ற பெண் வந்தாள். என்னென்ன குறை, என்னென்ன மாற்றம் வேண்டும் என்று கேட்டுப் போக வந்தவள். சின்ன வயசு, கலகலப்பு, கேட்டதை எல்லாம் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே இருந்தாள். ஆடி முடிந்து ஆவணி பிறந்திருந்ததால் ஷோரூமில் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. கூட்டம் இன்னும் கூடுவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று எல்லாரையும் மாடி மீட்டிங் ஹாலில் கூட்டியிருந்தார்கள்.

ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். டெலிவரி தேதி போடும் இடத்தில் ராகு காலத்தைச் சிவப்பில் காட்ட வேண்டும் என்றார் ஒருத்தர். ஆடி மாதத்தில் வண்டி எடுக்காதவனை எல்லாம் வாத்தியார் ‘ஆர்வமில்லாதவர்’ என்று தள்ளிவிடுகிறார், அவர்கள் ஆவணியில் வந்து நிற்கிறார்கள் என்றார் பால்பாண்டி. “ஆடின்னா எம்புட்டு ஆர்வம் இருந்தாலும் எடுக்க மாட்டாகம்மா. இதைக் கொஞ்சம் வாத்தியாருக்குச் சொல்லிக் குடுங்க.” பிரியம்வதா விழுந்து விழுந்து சிரித்தாள். தட்டிக்கொண்டாள்.

பிறகு அவளாகவே கேட்டாள். “சார், ஒரே பேருக்கு ‘ஆள் இல்லை’ நிறைய விழுந்திருக்கே. அது என்ன சார்?”

எல்லாரும் மேஜையைப் பார்த்தார்கள்.

“அது… தவறுதலா அமுக்கினது” என்றார் ஸ்ரீகுமார். “பட்டன் எல்லாம் கிட்டக் கிட்ட இருக்கா, கை பட்டுடறது.”

“அச்சச்சோ! இவ்வளவு தடவை தப்பா விழுந்திருக்குன்னா அது உங்க தப்பே இல்ல சார். எங்க டிசைன் தப்பு” என்றாள் பிரியம்வதா. அவளுக்கு மெய்யாகவே வருத்தம். “இதை இப்பவே சரி பண்ணிடலாம். இனிமே நீங்க ‘ஆள் இல்லை’ன்னு போட்டா, உடனே பார்ட்டி மாறாது. சம்பந்தப்பட்டவங்க டேப்புக்கே ஒரு கேள்வி போகும். ‘இருக்கிறேன்’, ‘இங்கே இல்லை’ன்னு ரெண்டு பட்டன். அவங்களே ‘இங்கே இல்லை’ன்னு அமுக்கினாத்தான் மாறும். தப்பு நடக்கவே நடக்காது பாருங்க!”

ரொம்ப நல்லது, அருமையான யோசனை என்று இரண்டு பேர் சொல்லவும் செய்தார்கள். ஸ்ரீகுமார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பால்பாண்டி கனகாவைப் பார்த்தார்.

கனகா அப்படியே உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் மாடியில் ஒருத்தர் அமுக்கினார், கீழே அவள் பார்க்காதது போல் இருந்துவிட்டாள். பார்க்காதது போல் இருப்பதில் கொஞ்சம் மானம் மிஞ்சும். இனி அவளே, தன் கையால், தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் இங்கே இல்லை என்று அமுக்க வேண்டும். ஒன்றும் அறியாத அந்தப் பெண் நல்ல மனசோடு செய்துகொடுத்த உதவி இது. அவளைக் கோபித்து என்ன ஆகப்போகிறது?

மத்தியானத்துக்குள் மாற்றத்தைப் போட்டுவிட்டாள் பிரியம்வதா. அது சரியாக வேலை செய்கிறதா என்று சாயங்காலம் வரை இருந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

மாடிப்படியில் ஸ்ரீகுமார் கனகாவை நிறுத்தினார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “சென்னைக்கு மெயில் தயாராயிட்டே இருக்கு. இன்னிக்கு அனுப்பிடுவேன். அதுவரைக்கும்… வந்தா ‘இங்கே இல்லை’ன்னு அமுக்கிடும்மா. லெட்டர் வர்ற வரைக்கும்தான். உனக்குத் தெரியாததா?”

கனகா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் முகத்தில் அக்கறைதான் இருந்தது. அந்த அக்கறையைப் பார்க்கத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. மீதிப் படிகளை இறங்கினாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். பெரியவர் வேட்டி, சட்டை, நெற்றியில் மெல்லிசாகத் திருநீறு. பேங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பெயர் அனந்தராமன். கூட அவர் மனைவி பாகீரதி. இருவரையும் ஸ்ரீகுமாருக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் தெருவிலேயே வளர்ந்தவர் அவர். நடு ஹாலில் நின்ற பெரிய வண்டியைத்தான் பார்க்க வந்திருந்தார்கள். தாமரைச்செல்வி நம்பரைத் தட்டினாள்.

கனகாவின் டேப் மணி அடித்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. மாடியைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ஸ்ரீகுமார் தம்பதியைப் பார்த்துவிட்டார். கை கம்ப்யூட்டரை நோக்கிப் போனது. அடுத்த நிமிஷம் அவள் டேப்பில் கேள்வி வந்து நின்றது. நீங்கள் ஷோரூமில் இருக்கிறீர்களா? கீழே இரண்டு பட்டன்.

பால்பாண்டி தன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றார். வழக்கமாக அவருக்குத்தான் மாறும். “என்ன தங்கச்சி செய்யப் போற?” என்றார் தணிந்த குரலில். “பொறுத்ததுதான் பொறுத்த. லெட்டர் வந்துரட்டுமே.”

வந்துவிடும். ஒரு தடவை அமுக்கினால் போதும், நாளைக்கோ நாளை மறுநாளோ லெட்டர் வந்துவிடும். பவதாரிணி பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்து போவாள். கனகா இதை எல்லாம் நினைத்தாள். நினைத்துக்கொண்டே தன் கையைப் பார்த்தாள். பிறகு டீம் லீடராகி, தனக்குக் கீழே வேலைக்கு வரும் பிள்ளைகளிடம், நீ இருந்தும் இல்லை என்று அமுக்கு தாயி என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானா? சீச்சீ!

“நான் இங்கனதானே அண்ணே இருக்கேன்” என்றாள். ‘இருக்கிறேன்’ பட்டனை அமுக்கிவிட்டு எழுந்து நடந்தாள்.

மாடியில் ஸ்ரீகுமார் நாற்காலியிலிருந்து எழுந்தது தெரிந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “வணக்கம் சார், வணக்கம்மா. நான் கனகா. வண்டியை ஓட்டிப் பாத்துருவோமா?” என்றாள்.

நாகமலை வரை போய்த் திரும்புவதுதான் அங்கே டெஸ்ட் டிரைவ் வழக்கம். அனந்தராமன் ஓட்டினார். கனகா பக்கத்தில், பாகீரதி பின்னால். காளவாசலைக் கடக்கும் வரை பெரியவருக்கு பிரேக்கைத் தவிர வேறு நினைப்பு இல்லை. தேனி ரோட்டில் ஏறி வண்டி சமமாக ஓடத் தொடங்கியதும் கனகாவுக்கு அந்த இரண்டாவது கேள்வி ஞாபகம் வந்தது. கேட்பார்களா? எப்போது கேட்பார்கள்? கேட்கும்வரை காத்திருப்பது ஒரு தண்டனை. அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். கேட்கிறவரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

இடதுபுறம் ரோடு பிரிகிற இடம் வந்தது. “இங்கிட்டுத் திரும்பினா எங்க ஊரு சார். கீழக்குயில்குடி” என்றாள்.

“அப்படியா” என்றார் அனந்தராமன். “சமணர் மலைக்கு ஒரு தடவை போயிருக்கோம். ஏம்மா, இந்த வண்டி மூணாவது கியர்ல கொஞ்சம் இழுக்கறதே, எனக்குத்தான் அப்படித் தோணறதா?”

“புது வண்டி சார், பழகிட்டாச் சரியாயிரும்” என்றாள். சொல்லிவிட்டு இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தாள். உடம்பெல்லாம் காதாகக் காத்திருந்தாள்.

“ஏம்மா” என்றார் பாகீரதி பின்னாலிருந்து. “பின்னாடி காத்தே வரமாட்டேங்கறது! வெந்து போறேன் நான்.”

கனகா திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டுக்குக் காற்று வரும் துவாரம் மூடியிருந்தது. கையை நீட்டித் திறந்துவிட்டாள். “ஹப்பா!” என்றார் பாகீரதி. “இப்பதான் உசிரு வந்தது.”

அம்புட்டுத்தான். திரும்பி வரும் வழி முழுக்கப் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் வெள்ளையா, சில்வரா என்று சண்டை. வெள்ளை என்றால் அழுக்குத் தெரியும் என்றார் அவர். நீங்களா துடைக்கப் போறேள் என்றார் இவர். நடுவில் கனகாவிடமே நியாயம் கேட்டார்கள். அவர்கள் மகா நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. வீட்டுக்குள் எப்படியோ, யார் கண்டது? கார் வாங்க வந்த இடத்தில் அவர்களுக்குக் காற்றுத்தான் வேண்டியிருந்தது.

கனகாவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் அவளுக்கு அந்தக் கேட்டலாக் ஆள்மேல்கூட வந்ததில்லை. இம்புட்டுத்தானா? இதுக்கா இத்தனை வருஷம்? ஒருத்தன் கேட்டான், சரி. இன்னும் நாலு பேர் கேட்டிருப்பார்கள், அதுவும் சரி. கேட்காதவர்கள் எத்தனை பேர் இந்த வாசல் வழியாக வந்து, மோர் குடித்து, வேறொருவர் மேஜைக்குப் போனார்கள்? அவர்கள் கேட்டிருப்பார்களா இல்லையா என்று இனி எவருக்குத் தெரியும்? கண்ணில் நீர் முட்டியது. பக்கத்துக் கண்ணாடியைச் சரிசெய்வது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தம்பதி நாள் பார்த்துக்கொண்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். போகும்போது அனந்தராமன் மாடியைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஸ்ரீகுமாரும் ஆட்டினார். தாமரைச்செல்வியின் பக்கத்தில் நின்றிருந்த பிரியம்வதா, “பாத்தீங்களா, கரெக்டா வேலை செய்யுது!” என்று கட்டை விரலைக் காட்டினாள்.

கனகா நேரே மாடி ஏறினாள். கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். ஸ்ரீகுமார் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். திரையில் சென்னைக்குப் போக வேண்டிய மெயில் திறந்திருந்தது.

“என்னம்மா ஆச்சு?” என்றார் பதற்றத்தோடு. “ஏதாவது… கேட்டாங்களா?”

“கேட்டாங்க சார். பின்னாடி ஏன் காத்து வரலைன்னு கேட்டாங்க.”

“இல்ல, உன்னை…”

“நானாத்தான் ஊரைச் சொன்னேன். அடுத்து அந்தக் கேள்வி வரும்னு உக்காந்துருந்தேன். வரல சார். கலர் பத்திச் சண்டை போட்டாங்க. வேற ஒண்ணுமே கேக்கல.”

ஸ்ரீகுமார் அவளைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் உனக்கு நல்லதுதான் நெனைச்சேன் கனகா” என்றார் கடைசியில். குரல் அன்றைக்கு உடைந்தது போலவே உடைந்தது.

“தெரியும் சார். தெரிஞ்சதுனாலதான் இம்புட்டு நாள் வாயத் தொறக்கல” என்றாள். “அந்தக் கேள்வியைக் கேக்குறவங்க கேக்கட்டும். பதில் நான் சொல்லிக்கிறேன். கேக்காதவங்களுக்கும் சேத்து நீங்க ஏன் சார் கேட்டீங்க?”

அவள் திரையைக் காட்டினாள். “அதுல ‘தவறுதலாக’ன்னு இருக்குல்ல, அதை எடுத்துருங்க.”

“எடுத்தா எம்மேல கேள்வி வரும்மா.”

“எம்மேல வந்துச்சுல்ல சார்.”

“பிரச்சினை பெருசாச்சுன்னா உன் லெட்டரும் நின்னு போயிடும். யோசிச்சுக்கோ.”

யோசித்தாள். நிற்கலாம்; நின்றாலும் நிற்கும். பவதாரிணிக்கு என்ன பதில் சொல்வது என்பதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். “வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். பொய்யில வர வேண்டாம்” என்றாள்.

ஸ்ரீகுமார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டார். ‘தவறுதலாக’ என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். கர்சர் அந்த இடத்தில் நின்று துடித்தது.

“என்னன்னு போடறது?” என்றார்.

“கனகா எல்லா நாளும் இங்கதான் இருந்தாங்க. தெரிஞ்சேதான் இல்லைன்னு போட்டேன். இம்புட்டுப் போதும் சார்.”

அவர் தட்டினார். பாதியில் நிறுத்தினார். மீண்டும் தட்டினார். கீழே அடுத்த பார்ட்டிக்குத் தாமரைச்செல்வி மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கனகா உட்காரவில்லை. அவர் அந்த மெயிலை அனுப்புகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.